புறாத்தீவுப் படகுப் பயணத்தைப் பிபிஎம்என் வரைபடமாக வரைவதும் திருத்துவதும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை, விருந்தினர்களைப் புறாத்தீவுக்குப் படகில் அனுப்பும் ஏற்பாட்டையும் விடுதியே பார்க்கிறது, முன்பதிவு வந்ததில் இருந்து ஆட்கள் கரை திரும்பும் வரை நடப்பதை ஒரு பிபிஎம்என் (BPMN, ஒரு வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று பொதுவான குறிகளால் காட்டும் முறை) வரைபடமாகப் போட்டுத் தரச் சொல்லி முதலாளி கேட்டிருக்கிறார். அதை வரையும் மென்பொருளான காமுண்டா மாடலரை இறக்கி வரைந்தும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பெட்டியை நகர்த்தினால் அம்புகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன, வேறு மென்பொருளுக்கு மாறட்டுமா என்பதுதான் கேள்வி.

மாற வேண்டாம். நீங்கள் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன், மென்பொருளில் பிழை இல்லை, எந்த மென்பொருளில் வரைந்தாலும் இந்தப் படம் சிக்கத்தான் செய்யும். ஒரு தொடக்க வட்டம், 'விருந்தினர் கேட்கிறார்' என்று ஒரு பெட்டி, முற்பணம் வாங்குவது, பிறகு 'படகு நிரம்பிவிட்டதா?' என்று ஒரு சாய்சதுரம், இல்லை என்றால் அம்பு படம் முழுக்கச் சுற்றிக்கொண்டு முதல் பெட்டிக்கே திரும்பிப் போகிறது. அந்த ஒரு அம்புதான் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டுகிறது. அது ஏன் அப்படிச் சுற்ற வேண்டியிருந்தது என்று பார்த்தால் விஷயம் வேறு இடத்தில் இருப்பது விளங்கும்.

பிபிஎம்என்னில் தொடக்க வட்டத்தில் இருந்து ஒரு வில்லை புறப்பட்டு அம்புகளின் வழியே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும், டோக்கன் என்பார்கள். அந்த ஒரு வில்லை எதைக் குறிக்கிறது? உங்கள் படத்தின் இடது பக்கத்தில் அது ஒரு முன்பதிவு. வலது பக்கத்தில், படகுக்காரர் வந்து ஆட்களை ஏற்றும் இடத்தில், அது ஒரு படகுப் பயணம். ஒரு படகில் மூன்று நான்கு முன்பதிவுக்காரர்கள் சேர்ந்து போவார்கள், அப்படியிருக்க ஒரு முன்பதிவின் வில்லை எப்படி ஒரு பயணத்தின் வில்லையாக மாறும்? மாறாது. அதனால்தான் 'இன்னும் ஆள் வேண்டும்' என்று அம்பைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அந்த அம்பைச் சொல்லுக்குச் சொல் வாசித்தால், ஏற்கனவே முற்பணம் கட்டிய அதே விருந்தினர் திரும்பவும் வந்து முதலில் இருந்து கேட்கிறார், திரும்பவும் முற்பணம் கட்டுகிறார் என்றுதான் அர்த்தம் வரும்.

ஆகவே வரைபலகையைத் திறப்பதற்கு முன்னமே, இந்தப் படத்தில் 'ஒன்று' என்பது எது என்று முடிவெடுத்துவிடுங்கள். உங்கள் விஷயத்தில் இரண்டு செயல்முறைகள் இருக்கின்றன. ஒன்று முன்பதிவு: விருந்தினர் கேட்கும்போது பிறக்கிறது, அவர் போய் வந்து கணக்கு முடியும்போது, அல்லது பயணம் ரத்தாகிக் காசு திருப்பிக் கொடுக்கப்படும்போது முடிகிறது. மற்றது பயணம்: ஒவ்வொரு நாள் மாலையும் மறுநாளுக்கான பட்டியலைப் பார்க்கும்போது பிறக்கிறது, படகு கரைக்கு வந்ததும் முடிகிறது. இரண்டையும் தனித்தனிப் பூலில், அதாவது படத்தில் கிடையாக நீளும் பெரிய பட்டையில், போடுங்கள். நடுவில் அவற்றை இணைப்பது எது தெரியுமா, ரிசெப்ஷன் மேசையில் இருக்கும் முன்பதிவுக் கொப்பிதான். அதை டேட்டா ஸ்டோர் என்ற உருளை வடிவத்தால் காட்டலாம். முன்பதிவுச் செயல்முறை அதில் எழுதுகிறது, பயணச் செயல்முறை அதில் வாசிக்கிறது. இதைச் செய்தாலே உங்கள் படத்தில் இருக்கும் சிக்கலில் பெரும்பகுதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

பூல், லேன் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் புதிதாக வரைபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பூல் என்பது ஒரு செயல்முறையை நடத்துகிற தரப்பு, உங்கள் விடுதி இரண்டை நடத்துவதால் அதற்கு இரண்டு பூல். லேன் என்பது அந்தத் தரப்புக்குள் யார் எதைச் செய்கிறார் என்ற பிரிவு. ரிசெப்ஷனில் இருப்பவரும் கடற்கரையில் சாமான் கொடுக்கும் தம்பியும் உங்கள் விடுதியின் ஆட்கள், அவர்கள் லேன். படகுக்கார அண்ணா உங்களிடம் சம்பளத்துக்கு இல்லை, அவர் சொந்தமாகப் படகு வைத்து ஓடுகிறார், எனவே அவர் தனிப் பூல். விருந்தினரும் தனிப் பூல். இவர்கள் இருவரின் பூலுக்குள்ளும் ஒன்றும் வரையத் தேவையில்லை, வெறும் மூடிய பட்டையாக மேலே ஒன்று கீழே ஒன்று வைத்துவிடுங்கள், அவர்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது உங்கள் படத்தின் வேலை இல்லை. முழுக்கோட்டு அம்பு ஒரு பூலின் எல்லையைத் தாண்டவே கூடாது, பூலுக்குப் பூல் போவது எப்போதும் செய்திதான், அது கோடு விட்டுவிட்டு இருக்கும், வால் பக்கம் சின்ன வட்டம் இருக்கும். காமுண்டா மாடலரில் ஒரு பூலில் இருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் அது தானாகவே செய்தி அம்பாக விழும். அது உங்களோடு மல்லுக்கு நிற்கிறது என்று நினைக்காதீர்கள், இலக்கணத்தைக் காக்கிறது.

இப்போது முன்பதிவை வரைவோம். முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்ற நேர்வழியை மட்டும் இடமிருந்து வலமாகப் போடுங்கள்: செய்தி உறை உள்ள தொடக்க வட்டம் 'முன்பதிவுக் கோரிக்கை வந்தது', 'திகதியில் இடம் உண்டா பார்', 'முற்பணம் கேட்டு வாட்ஸ்அப் அனுப்பு', 'கொப்பியில் பதி', தடித்த முடிவு வட்டம். விதிவிலக்கு ஒன்றுகூட வேண்டாம். ஒரு வடிவத்தைக் கிளிக் செய்தால் பக்கத்தில் சின்ன மெனு வரும், அதிலிருந்தே அடுத்த வடிவத்தை எடுங்கள், அம்பும் சேர்ந்தே வரும், இடைவெளியும் சீராக இருக்கும். இடப்பக்கத் தட்டில் இருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுப் பிறகு அம்பால் கோர்த்தால் நேரமும் போகும், வரிசையும் கோணும்.

அதற்குப் பிறகு முற்பணம் கேட்ட இடத்துக்கு வாருங்கள். நீங்கள் அங்கே 'முற்பணம் வந்ததா?' என்று ஒரு சாய்சதுரம் போட்டு, இல்லை என்றால் திரும்பக் கேள் என்று வைத்திருக்கிறீர்கள். உள்ளே × குறி உள்ள சாய்சதுரம் அந்த நொடியிலேயே கைவசம் இருக்கும் விடையை வைத்துப் பிரிப்பது, அது காத்திருக்காது. நீங்களோ காத்திருக்கிறீர்கள்: ஒன்று வங்கிச் சிட்டையைப் படம் எடுத்து விருந்தினர் அனுப்புவார், அல்லது ஒரு நாள் கடந்துவிடும், எது முதலில் வருகிறதோ அதன் வழியே போக வேண்டும். இதற்கென்றே ஈவன்ட் கேட்வே என்று ஒன்று இருக்கிறது, சாய்சதுரத்துக்குள் வட்டமும் அதற்குள் ஐங்கோணமும் இருக்கும். அதில் இருந்து இரண்டு அம்பு: ஒன்று உறை உள்ள இரட்டை வட்டத்துக்கு, 'முற்பணச் சிட்டை வந்தது', மற்றது கடிகாரம் உள்ள இரட்டை வட்டத்துக்கு, '24 மணி நேரம் கடந்தது'. முதலாவது கொப்பிக்குப் போகிறது. இரண்டாவது 'இடத்தை விடுவி' என்ற பெட்டிக்குப் போய், 'முன்பதிவு காலாவதியானது' என்ற தன் சொந்த முடிவு வட்டத்தில் நிற்கிறது. முடிவு வட்டங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லாவற்றையும் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேறு வேறு முடிவு என்றால் வேறு வேறு வட்டம், அப்போதுதான் முதலாளி படத்தின் வலது ஓரத்தைப் பார்த்தவுடனேயே ஒரு முன்பதிவு எப்படியெல்லாம் முடியலாம் என்று விளங்கிக்கொள்வார்.

கொப்பியில் பதிந்தவுடன் முன்பதிவு முடிந்துவிடுமா? முடியாது, காசு உங்கள் கையில் இருக்கிறதே. அங்கே இன்னொரு ஈவன்ட் கேட்வே போடுங்கள்: 'பயணம் முடிந்தது' என்ற செய்தி வந்தால் மீதிக் கணக்கு, 'பயணம் ரத்து' என்ற செய்தி வந்தால் திகதி மாற்றம் அல்லது காசைத் திருப்பிக் கொடுப்பது. அந்த இரண்டு செய்திகளையும் அனுப்புவது பயணச் செயல்முறை. ஒரு பயணத்தில் பல முன்பதிவுகள் இருப்பதால், அனுப்பும் பெட்டியின் அடியில் மூன்று நிலைக்குத்துக் கோடு குறி வர வேண்டும், 'ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு தடவை, ஒரே நேரத்தில்' என்று அர்த்தம். கிடைக்கோடுகள் மூன்று போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக. நீங்கள் திருப்பிவிட்ட அந்த நீண்ட அம்பு செய்ய நினைத்த வேலையை இந்தச் சின்னக் குறி செய்துவிடுகிறது.

பயணச் செயல்முறை கடிகாரத் தொடக்க வட்டத்தில் தொடங்கட்டும், ஒவ்வொரு நாளும் மாலை என்று. கொப்பியைப் பார்ப்பது, வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்ப்பது, படகுக்காரரிடம் கதைப்பது, பிறகு 'நாளை கடலுக்குப் போகலாமா?' என்று × சாய்சதுரம். சீசனில் இது பெரும்பாலும் 'ஆம்' பக்கம்தான் போகும், ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நம் பக்கத்துக் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, 'இல்லை' வழியையும் ஒழுங்காக வரையுங்கள். காலையில் மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது: படகுக்காரர் எரிபொருள் போட்டு வருகிறார், கடற்கரைத் தம்பி மாஸ்க், ஸ்நோர்க்கல், உயிர்காப்பு அங்கி எடுத்து வைக்கிறார், ரிசெப்ஷனில் ஒருவர் வனசீவராசிகள் திணைக்களத்தின் கவுன்டரில் புறாத்தீவுப் பூங்காவின் நுழைவுச்சீட்டு எடுக்கப் போகிறார். இதில் எரிபொருள் போடுவது படகுக்காரரின் சொந்த வேலை, அதை உங்கள் பூலில் பெட்டியாகப் போடாதீர்கள், 'படகு தயார்' என்ற செய்திக்குக் காத்திருப்பதாக மட்டும் போடுங்கள். மூன்று கிளையையும் + குறி உள்ள சாய்சதுரத்தில் இருந்து பிரித்து, ஏற்றுவதற்கு முன் இன்னொரு + சாய்சதுரத்தில் சேர்த்துவிடுங்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்காவிட்டால் படம் அழகாக இருந்தும் பிழையாகிவிடும். × குறியால் பிரித்ததை + குறியால் சேர்த்தால், ஒரு கிளையில் மட்டுமே வில்லை வரும், சேர்க்கும் இடமோ எல்லாக் கிளையில் இருந்தும் வர வேண்டும் என்று நிற்கும், வாழ்நாள் முழுக்க நிற்கும். மாறாக + குறியால் பிரித்ததை × குறியால் சேர்த்தால் மூன்று வில்லையும் தனித்தனியே கடந்து போய், படகு மூன்று தடவை புறப்பட்டதாக ஆகிவிடும். பிரித்த குறியாலேயே சேர்ப்பது என்று பழக்கிக்கொள்ளுங்கள். சாய்சதுரம் இல்லாமல் இரண்டு மூன்று அம்பை நேராக ஒரு பெட்டிக்குள் விடுவதையும் தவிருங்கள், அதன் விளைவும் இந்த × சேர்ப்பைப் போன்றதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

நடுக்கடலில் காற்று எழும்பினால் என்ன என்று முதலாளி நிச்சயம் கேட்பார். அதற்காக ஒவ்வொரு பெட்டிக்குப் பிறகும் 'காற்றா?' என்று சாய்சதுரம் போட வேண்டாம். தீவுக்குப் போவது, நீந்துவது, திரும்புவது மூன்றையும் ஒரு துணைச் செயல்முறைக்குள், அதாவது பல பெட்டிகளை அடக்கும் ஒரு பெரிய பெட்டிக்குள், வைத்து, அதன் விளிம்பில் ஒரு நிகழ்வு வட்டத்தை ஒட்டிவிடுங்கள். வட்டத்தின் கோடு முழுமையாக இருந்தால் உள்ளே நடப்பது நின்று அந்த வழியே போகும், கோடு விட்டுவிட்டு இருந்தால் உள்ளே நடப்பது நடக்க, பக்கத்தில் இன்னொரு வேலையும் தொடங்கும். காற்றுக்கு முதலாவது. படகு பிந்தினால் ரிசெப்ஷனுக்குப் போன் எடுப்பதற்கு இரண்டாவது.

சரி, இனித் திருத்துவது. நடுவில் ஒரு பெட்டி மறந்துவிட்டது என்றால் அம்பை அழிக்காதீர்கள், புதிய பெட்டியை இழுத்துவந்து அம்பின் மேலேயே விடுங்கள், அது தன்னைத்தானே நடுவில் செருகிக்கொள்ளும். இடம் போதாவிட்டால் எஸ் விசையை அழுத்துங்கள், இடைவெளிக் கருவி வரும், கிளிக் செய்து வலப்பக்கம் இழுத்தால் அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் எல்லாம் ஒன்றாக நகரும், அம்பின் வளைவுகளும் குலையாது. பெட்டி பெட்டியாக நகர்த்தியதால்தான் உங்களுக்கு அம்புகள் கோணின, இந்த ஒரு கருவியைப் பழகினாலே பாதி எரிச்சல் போய்விடும். பலவற்றைச் சேர்த்துப் பிடிக்க எல் விசை. அம்பு கோணலாகிவிட்டால் அதன் ஒரு துண்டைப் பிடித்து இழுங்கள், தேவையில்லாத வளைவுப் புள்ளியை நேர்கோட்டின் மேல் கொண்டுபோய் விட்டால் அது மறைந்துவிடும். சாய்சதுரத்தின் பெயரும் வட்டத்தின் பெயரும் தனியாக நகரக்கூடியவை, அம்பின் மேல் எழுத்து விழுந்தால் எழுத்தை மட்டும் தள்ளிவையுங்கள்.

ஒரு பெட்டியின் வகையை மாற்ற வேண்டுமென்றால் ஸ்பானர் ஐகானை அமர்த்தி மாற்றுங்கள், அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள். காரணம் கோப்புக்குள் இருக்கிறது. அந்தப் பிபிஎம்என் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் எக்ஸ்எம்எல்தான், அதாவது குறிச்சொற்களால் ஆன எழுத்துக் கோப்பு. மேல்பாதியில் எந்தப் பெட்டி, அதன் அடையாள எண் என்ன, எந்த அம்பு எதில் இருந்து எதற்குப் போகிறது என்று பொருள் மட்டும் இருக்கும். கீழ்ப்பாதியில் ஒவ்வொன்றும் திரையில் எங்கே, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று இருக்கும். பெட்டியை நகர்த்தும்போது கீழ்ப்பாதியில் அதன் இடத்தைச் சொல்லும் எண்களும் அதில் ஒட்டியிருக்கும் அம்புகளின் புள்ளிகளும் மாறுகின்றன, அவ்வளவுதான். அழித்துத் திரும்பப் போட்டால் மேல்பாதியில் பழைய அடையாளம் போய்ப் புதியது வருகிறது, நீங்கள் எழுதி வைத்த குறிப்பும் அதோடு போய்விடும், பிறகு ஒருநாள் இதை முன்பதிவு மென்பொருளோடு இணைக்க வேண்டி வந்தால் பழைய அடையாளத்தை நம்பியிருந்த எல்லாம் அறுந்துவிடும். லேனை அழித்தால் பயப்பட வேண்டாம், பெட்டிகள் பக்கத்து லேனுக்குப் போகும், ஆனால் பூலை அழித்தால் உள்ளிருப்பதும் போய்விடும், உடனே கன்ட்ரோல் இசட்.

நீங்கள் டிரா.ஐஓ என்ற பொதுவான வரைகருவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுவரில் ஒட்ட ஒரு படம் மட்டும் போதும் என்றால் தாராளமாகப் பாவிக்கலாம், நல்ல கருவி. ஆனால் அங்கே நீங்கள் வைப்பது பிபிஎம்என் தோற்றம் உள்ள வடிவம், பிழையான அம்பை அது தடுக்காது. பிசாகி மாடலர் விண்டோஸில் நன்றாக ஓடும், காமுண்டாவைப் போலவே இலக்கணம் தெரிந்தது. பிபிஎம்என் 2.0 வந்த 2011 முதல் கோப்பு வடிவமும் பொதுத் தரத்தின் பகுதி, 2013இல் அது ஐஎஸ்ஓ 19510 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது, அதனால் ஒன்றில் வரைந்ததைப் பிபிஎம்என் கோப்பாக எடுத்து மற்றதில் திறக்க முடியும், சில வேளை எழுத்து இடம் மாறும், பொருள் பெரும்பாலும் மாறாது. காமுண்டாவின் கீழ்ப்பட்டையில் சிவப்பாகப் பிழைகள் காட்டினால், அவற்றில் பல இயந்திரம் இதை ஓட்டுவதற்குத் தேவையான விவரம் இல்லை என்பதுதான். உங்களுக்கு ஆவணம் மட்டும் போதும், விட்டுவிடலாம்.

தமிழில் பெயரிடுவது பற்றி. முதலாளிக்கும் படகுக்காரருக்கும் காட்டப் போகிறீர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்காதீர்கள், யூனிகோட் மட்டும். பாமினியில் அடித்தால் கோப்புக்குள் ஆங்கில எழுத்துக் குப்பைதான் சேமிக்கப்படும், திரையிலும் அதுவே தெரியும். நம் சொற்கள் நீளம் என்பதால் பெட்டியின் மூலையைப் பிடித்துக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், எல்லாப் பெட்டியையும் ஒரே அளவில். வேலைக்கு ஏவல் வடிவம், 'நுழைவுச்சீட்டு எடு'. நிகழ்வுக்கு நடந்து முடிந்த வடிவம், 'சிட்டை வந்தது'. சாய்சதுரத்துக்குக் கேள்வி, அதன் அம்புகளில் விடை. 'முற்பணம்' என்று மட்டும் ஒரு பெட்டி இருக்கிறது உங்கள் படத்தில், வாங்குவதா, சரிபார்ப்பதா, திருப்பிக் கொடுப்பதா? அச்சிடக் கொடுக்கும்போது எஸ்விஜி வேண்டாம், கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும், பிஎன்ஜியாக எடுத்துக் கொண்டுபோங்கள்.

முதலாளியிடம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். படத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், ஒரு சோடா மூடியைத் தொடக்க வட்டத்தில் வைத்து, போன கிழமை உண்மையாக நடந்த ஒரு பயணத்தை, முடிந்தால் ரத்தான ஒன்றை, படகுக்கார அண்ணாவோடு சேர்ந்து நகர்த்திப் பாருங்கள். மூடி எங்காவது போக வழியில்லாமல் நின்றால், அல்லது 'இல்லை தம்பி, அதுக்கு முதல் நான் ஒருக்கா போன் எடுப்பேன்' என்று அவர் சொன்னால், அந்த இடத்தில்தான் படம் பிழை. புதிய பெட்டி எங்கே வர வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து, அம்பின் மேல் விட்டுச் செருகுங்கள்.

இரண்டு பூலாகப் பிரித்தபிறகு இன்னும் எங்காவது சிக்கினால், திரையைப் படம் எடுத்துப் போடாமல் கோப்பையே போடுங்கள், எந்த அம்பு எதில் ஒட்டியிருக்கிறது என்று கோப்பில்தான் பார்க்க முடியும்.